ராத்திரிச் சாப்பாட்டு ஊர்

பழகிய ஊர், பழைய பசி: தூத்துக்குடி

தூத்துக்குடியில் மத்தியானம் வந்து இறங்கி, "இங்கே என்ன விசேஷமாகக் கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். எல்லா ஊரிலும் கிடைக்கிற அளவுச் சாப்பாடு, அதே சாம்பார், அதே கோஸ் பொரியல். மதுரையைப் போல விடியும் முன்பே இட்லி ஆவி பறக்கும் ஊர் அல்ல இது. திருநெல்வேலியைப் போல அல்வாவுக்கு வரிசையில் நிற்கும் ஊரும் அல்ல. சாயங்காலம் ஆறு மணி ஆகட்டும். அடுப்பு மூட்டி, கல்லைக் கழுவி, முதல் கரண்டி எண்ணெயை ஊற்றட்டும். அதற்குப் பிறகுதான் இந்த ஊர் சாப்பிட ஆரம்பிக்கும்.

சென்ற வாரம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயோடு நிறுத்தியிருந்தேன். அது கரிசல் மண்ணின் பண்டம். கடலை விளைகிற காட்டுக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் பிறந்ததில் ஆச்சரியம் ஏதுமில்லை. ஆனால் அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் நான் வளர்ந்த ஊருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தூத்துக்குடி மண்ணில் உப்பு விளையும், பனை நிற்கும், உடைமரம் மண்டும். கடலில் மீன் உண்டு. அவ்வளவுதான். நெல், கோதுமை, முந்திரி, மிளகாய், சீனி என்று வயிற்றுக்குள் போகிற மற்றதெல்லாம் வண்டியிலோ ரயிலிலோ கப்பலிலோ வெளியே இருந்து வந்தவை. தண்ணீரும் அப்படித்தான்.

மட்டக்கடைப் பக்கம் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, பருப்பு போட்டால் வேகாது. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதனால்தான் இன்றும் இந்த ஊரில் சாதி, மதம் பார்க்காமல் அவர் சிலைக்கு மாலை விழுகிறது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவரை நன்றியோடு நினைக்கிற ஊரில், விளைச்சலை வைத்துச் சமையலைப் புரிந்துகொள்ள முடியாது. துறைமுகத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

முத்துக்காக வந்த போர்ச்சுக்கீசியரை 1658இல் டச்சுக்காரர் துரத்தினார்கள். அவர்கள் 1750இல் கட்டிய தேவாலயம் இன்னும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. அந்த டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. பிற்பாடு 1906இல் இதே ஊரிலிருந்து சுதேசிக் கப்பல் விட்டவரின் பெயரும் இங்கிலீஷில் வி.ஓ.சி. என்றே வந்தது வரலாற்றின் குறும்பு. டச்சுக்காரருக்குப் பின் வந்த இங்கிலீஷ்காரர்கள் பருத்தி ஏற்றினார்கள். கிரேட் காட்டன் ரோடு அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் வரும்வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல் கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். கப்பல் வந்த நேரம்தான் வேலை நேரம். 1974இல் புதுத் துறைமுகம் திறந்த பிறகு ஆழம் வந்தது, கிரேன் வந்தது. ராத்திரி வேலை மட்டும் போகவில்லை.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய காலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. அதைப் பார்த்து நெஞ்சு கனக்கவில்லை. அது வாடகை வீடுதான். பசிதான் எடுத்தது. ஆனால் இந்த ஊரின் காலை ஆகாரத்தைப் பாராட்டி எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

திரேஸ்புரம் வேறு கதை. நாட்டுப்படகுகள் கரை ஏறும் இடம். கூடப் படித்த நண்பன் வீடு அங்கேதான். அவன் இப்போது கடலுக்குப் போவதில்லை, பையன்கள் போகிறார்கள். விசைப்படகுகளுக்கு இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும், கடலில் தங்கிப் பிடிக்கக் கூடாது. அதனால் மீன்பிடித் துறைமுகத்து ஏலமும் ராத்திரியில்தான். நான் முதலில் சொன்னதற்கு இது இன்னொரு சாட்சி. இந்த ஊரில் மீன்கூட இருட்டிய பிறகுதான் வந்து சேர்கிறது. ஐஸில் நாள்கணக்கில் கிடக்காத மீன் என்பதால் ருசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பனின் அம்மா எண்பதைத் தாண்டியவர். அடுப்பங்கரையை இன்னும் மருமகளிடம் முழுசாக ஒப்படைக்கவில்லை. அன்றைக்குச் சீலா. சென்னையில் வஞ்சிரம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

"எய்யா, அங்க மீனு வாங்கித் திங்கியளா, இல்ல படத்துல மட்டும்தான் பாக்கியளா?"

"வாங்குதோம்மா. ஆனா இந்த ருசி இல்ல."

"ஐஸுல வச்ச மீனுக்கு ஏது ருசி? உக்காரு, முதல்ல சம்பலத் தொட்டுக்கோ."

அந்தச் சம்பலில்தான் விஷயம் இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்துக் கட்டை போல ஆக்குவது மாசி. மாலத்தீவும் மினிக்காயும் இதற்குப் பேர் போனவை. இங்கிருந்து போகும் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் கொண்டுபோகும். அந்தப் போக்குவரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. மாசியை அம்மியிலோ உரலிலோ தட்டி உடைத்து, சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய்ப்பூ, கொஞ்சம் புளி சேர்த்து இடித்தால் சம்பல். பச்சை மீனின் கவிச்சி இருக்காது. புகை வாசமும் ஒரு ஆழ்ந்த உப்பும்தான் இருக்கும். சுடுசோற்றில் ஒரு சிட்டிகை போட்டால் குழம்பு தேவையில்லை. இலங்கையில் அநேகமாக எல்லா வீட்டுச் சம்பலிலும் மாசி உண்டு. நம் பக்கத்தில் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை என்று கடலோரத்தைத் தாண்டினால் பெயர்கூடத் தெரியாது. மதுரைக்காரர் ஒருவருக்கு நான் கொடுத்தபோது, இது எந்த மரத்துப் பட்டை என்று கேட்டார்.

சீலாக் குழம்பு மாங்காய் போட்டது. தேங்காய் அரைத்து ஊற்றியது, தளர்ந்த பதம். அதற்குமேல் அதை வர்ணிக்கப் போவதில்லை. நல்ல மீனை அதிகம் பேசினால் ஆறிப்போகும்.

இனி மக்ரூன். தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது இதைத்தான். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, சீனி சேர்த்து, கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து நுரைக்க வேண்டும். அதில் பொடித்த முந்திரியை நுரை அடங்காமல் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிழிந்து வைத்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் விட வேண்டும். மக்ரூன் வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்பதே சரி. சூடு கொஞ்சம் கூடினாலும் வெள்ளை போய்ப் பழுப்பு வந்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் நமுத்துவிடும். கடலோர ஊரில், உப்புக் காற்றில், ஈரத்துக்கு ஆகாத ஒரு பண்டம் எப்படிப் பேர் வாங்கியது என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

கடைக்காரரைக் கேட்டால், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால், "போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது" என்ற பதில் தயாராக இருக்கும். இதை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவினார்கள். பனிமய மாதா கோயிலும் பல குடும்பங்களின் பெயர்களும் அந்தக் காலத்து உறவுக்குச் சாட்சி. ஆனால் 1658இல் போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து ஊர் போய்விட்டது. இன்றைக்கு மக்ரூனுக்குப் பேர் பெற்ற பேக்கரிகள் எல்லாம் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை. நடுவிலே இருநூற்றைம்பது வருஷம் இந்தச் செய்முறை எந்த அடுப்பில் ஒளிந்திருந்தது? வெள்ளைக்காரர் பங்களாக்களிலும் கொழும்பு பேக்கரிகளிலும் வேலை பார்த்த நம் ஆட்கள் கையோடு கொண்டுவந்தார்கள் என்று பழைய பேக்கரிக்காரர்கள் சொல்வதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. போர்ச்சுக்கீசியருக்கு ஒரு பங்கு கொடுக்கலாம். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்ததை, கைக்கெட்டிய முந்திரியில் செய்து பார்த்தவர் யாரோ, பெருமை அவருக்குத்தான் சேரும். அவர் துரை அல்ல, மாவு படிந்த கைலி கட்டிய ஒரு பேக்கரித் தொழிலாளி என்பது என் துணிபு. ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை இன்று இதே துறைமுகத்தில் வந்து இறங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ருசி? நல்ல மக்ரூன் வாயில் வைத்ததும் ஓடு நொறுங்க வேண்டும், நடுவில் லேசாகப் பல்லில் ஒட்ட வேண்டும், கடைசியில் சீனி போய் முந்திரி நிற்க வேண்டும். இந்தத் தடவை நாலைந்து கடைகளில் வாங்கிப் பார்த்ததில் இரண்டில் முந்திரி நின்றது. மற்றவற்றில் சீனி மட்டும்தான். பாக்கெட்டில் அடைத்து, ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் தொங்கவிட்டு விற்பது பெரும்பாலும் இரண்டாவது ரகம். முந்திரி விலை ஏறும்போது கலப்படமும் ஏறும் என்று ஒரு பேக்கரிக்காரரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மக்ரூன் தூத்துக்குடியின் பண்டம்தான், தூத்துக்குடிக்காரரின் பண்டம் அல்ல. எங்கள் வீட்டில் அது வாங்கப்பட்டது விருந்தாளி ஊருக்குப் புறப்படும்போது கையில் கொடுத்தனுப்ப. சிந்திய தூளை நாங்கள் தின்றோம். ஊர்க்காரரின் பண்டம் எது என்று கேட்டால், சந்தேகமில்லாமல் புரோட்டா.

சாயங்காலம் திறந்து நள்ளிரவு வரை நடக்கும் புரோட்டாக் கடைகளுக்கு இந்த ஊரில் 'நைட் கிளப்' என்று பெயர். போர்டிலேயே எழுதியிருப்பார்கள். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பேங்க் அதிகாரியின் மனைவி, 'ராத்திரி நைட் கிளப்பில் சாப்பிட்டேன்' என்று அவர் போனில் சொன்னதைக் கேட்டு அடுத்த ரயிலில் ஏறி வந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. எல்லாத் தெருவிலும் இந்தக் கதை உண்டு. அதிகாரியின் பேங்க் மட்டும் மாறும்.

மைதா புரோட்டா தமிழ்நாடு முழுக்க உண்டு. இங்கே அதன் உருவமே வேறு. கையகலம்தான் இருக்கும். கல்லில் தாராளமாக எண்ணெய் நிற்கும்; விளிம்பு மொறுமொறுப்பாகச் சிவந்து, நடு மட்டும் மெத்தென்று இருக்கும்போது எடுப்பார்கள். எடுத்ததும் நாலைந்தை அடுக்கி, சூட்டோடு இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார்கள். அடுக்கு அடுக்காகப் பிரிவது அந்த அடியில்தான். ஆறவிட்டு அடித்தால் உடையுமே தவிர உதிராது. மாவைப் பிசைந்து எண்ணெய் தடவி ஊறப்போடுவது மத்தியானமே முடிந்திருக்கும். மாஸ்டர் வீசுவதைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் கடையின் பேரைக் காப்பாற்றுவது யாரும் பார்க்காத அந்த மத்தியானப் பிசைதல்.

வ.உ.சி. கல்லூரிக் காலத்தில் நான் போன கடை இப்போது மகன் கையில். அப்பாவின் முகச்சாயல் அப்படியே இருந்தது. அவருக்கு என்னைத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, பிச்சுப் போட்டு ஊத்தவா, தனியா வைக்கவா?"

"பிச்சுப் போட்டு ஊத்துங்க தம்பி."

"ஊருக்காரவுகதானா! வெளியூர்னா தனியா கேப்பாக."

இலையில் நாலு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் சால்னாவைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவதுதான் இங்கே முறை. தொட்டுத் தின்பது இல்லை, மூழ்கடித்துத் தின்பது. சால்னா குருமா போலக் கெட்டியாக இருக்காது. சோம்பும் தேங்காயும் தூக்கலாக, எலும்புச் சாறு இறங்கி, மேலே சிவந்த எண்ணெய் மிதக்கத் தண்ணியாக ஓடும். புரோட்டாவின் நடுப்பகுதி அதை உறிஞ்சி ஊற வேண்டும், விளிம்பு ஊறாமல் மொறுமொறுக்க வேண்டும். அதற்குள் தின்று முடிக்கவும் வேண்டும். ஒரு சின்ன அவசரம் அதில் உண்டு. கப்பல் காத்திருக்க, கிடைத்த இடைவேளையில் சாப்பிட்டவர்கள் உண்டாக்கிய பக்குவம் அது என்றே எனக்குப் படுகிறது. மூட்டை தூக்குகிறவருக்குச் சீக்கிரம் வயிறு நிறைய வேண்டும், எண்ணெயும் காரமும் வேண்டும், இரவு பதினொரு மணிக்கும் கிடைக்க வேண்டும். இந்த மூன்றையும் புரோட்டா தந்தது.

எங்கள் அப்பா ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. கூடுதல் நேரம் பார்த்த நாளில் பார்சலோடு வருவார். வாழையிலையில் புரோட்டா, எவர்சில்வர் தூக்குவாளியில் சால்னா. தூங்கிக்கொண்டிருக்கும் எங்களை அம்மா எழுப்புவாள். பள்ளிக்கூடத்துக்குக்கூட அத்தனை சுருக்காக நாங்கள் எழுந்ததில்லை.

மைதா எப்படி இவ்வளவு பரவியது என்பதற்கு உலகப் போர்க் கால அரிசிப் பஞ்சத்தையும், 1956க்குப் பிறகு பி.எல். 480 திட்டத்தில் வந்திறங்கிய அமெரிக்கக் கோதுமையையும் காரணமாகச் சொல்வார்கள். கப்பல் வந்த ஊரில் அது இன்னும் அழுத்தமாக ஊன்றியதில் வியப்பில்லை. கொத்து புரோட்டா கொழும்பிலும் உண்டு. இரண்டு தகரத்தால் கல்லில் கொத்தும் அந்தச் சத்தம் இரு கரையிலும் ஒன்றே. எது முந்தியது என்று இரு தரப்பும் சண்டை போட்டுக்கொள்ளட்டும், நான் நடுவராக வர மாட்டேன். 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி விட்டு, சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். அது நிலைத்திருந்தால் நேரில் போய் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

மைதா உடம்புக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் எனக்கும் வருகிறது. தினம் தின்றால் ஆகாதுதான். ஆனால் அந்தச் செய்தியை அனுப்புகிறவர்களே காலையில் பிஸ்கட்டும் மாலையில் பிரெட்டும் தின்கிறார்கள். அது எந்த மாவு என்று யாரும் கேட்பதில்லை. உழைப்பாளியின் சாப்பாட்டை மட்டும் தேடிப்பிடித்து உபதேசம் செய்வது நம் பழைய வழக்கம்.

'அந்தக் காலத்து ருசி இப்போ இல்லை' என்று ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுத மாட்டேன். புரோட்டாவின் ருசி அப்படியே இருக்கிறது. விறகடுப்பு போய் பல கடைகளில் கேஸ் வந்துவிட்டது, அதனால் கல்லின் சூடு சீராகி, கருகிப்போவது குறைந்திருக்கிறது. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிடும் பெண்களைப் பார்த்தேன். என் காலத்தில் நைட் கிளப்பில் பெண்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை, பார்சல்தான். இதெல்லாம் முன்னேற்றம். கெட்டுப்போனது ஒன்று உண்டு. கொதிக்கிற சால்னாவை பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் தடை. அந்தத் தடை சால்னா வாளி வரைக்கும் வந்து சேரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீனுக்காகப் போகிறவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். மக்ரூனை மழைக்காலத்தில் வாங்காதீர்கள். வாங்குவதானால் பேக்கரியிலேயே ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். புரோட்டாவுக்கு எட்டு மணிக்கு மேல் போங்கள், கல் நன்றாகக் காய்ந்திருக்கும். பார்சல் வேண்டுமென்றால் தூக்குவாளி கொண்டுபோய் நீட்டுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார்கள்.

அடுத்த வாரம் உடன்குடிக் கருப்பட்டி.